நல்ல கண்ணிலும் விட்ட சாயம்

எழுபதுகளின் கடைசியில், ஒரு தை மாதத்தில் நடந்தது இது. திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி வருகிற பாதையில் அடி அண்ணாமலை என்று ஓர் ஊர். அங்கேதான் நான் வாழ்க்கைப்பட்டேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. கொஞ்சம் நெல், கொஞ்சம் மல்லாட்டை. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

எனக்கு வாய் ஜாஸ்தி. போகிற இடத்தில் அடக்கமாக இரு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இரண்டு நாள் இருந்து பார்த்தேன், முடியவில்லை. என் வீட்டுக்காரர் நேர் எதிர். பேச்சு கம்மி, பயம் ஜாஸ்தி. நான் ரெண்டு தும்மல் போட்டால் போதும், கஷாயத்துக்குச் சுக்கு தட்ட உட்கார்ந்துவிடுவார். "பொண்டாட்டி தும்மினா இவனுக்குக் காய்ச்சல் வந்துடும்" என்று ஊரே கேலி பண்ணும். நானும் சேர்ந்துகொண்டு சிரிப்பேன்.

ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய தம்பி மஞ்சள் காமாலையில் செத்துப்போயிருந்தார். கண் மஞ்சளாக இருக்கிறதே என்று இவர் கேட்டதற்கு, "வெயில்ல நின்னேண்ணா, ஒண்ணுமில்ல" என்று தம்பி சொல்லியிருக்கிறார். இவரும் நம்பி விட்டுவிட்டார். கடைசியில் கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமத்தில் காமாலைக்கு மருந்து கொடுக்கிற வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடியபோது, "முன்னாலயே கூட்டிகினு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமேப்பா" என்றாராம் அவர். அந்த வார்த்தை இவர் மனசில் அப்படியே தைத்துக் கிடந்தது.

அந்தத் தை மாதம் களத்தில் கதிர் அடித்துக்கொண்டிருந்தோம். கதிர்க்கட்டை ஓங்கி அடித்தபோது ஒரு நெல் தெறித்து வந்து என் வலது கண்ணில் சுரீர் என்று பட்டது. பக்கத்தில் இருந்தவள் முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதி ஊதி ஒத்தடம் கொடுத்தாள். அப்போதைக்கு இதமாக இருந்தது. மறுநாள் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. தண்ணீராகக் கொட்டியது.

டவுனில் ஒரு சத்திரத்தில் அறுவடைக் காலம் முழுக்க இலவசமாகக் கண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கூட்டமான கூட்டம். பாதிப் பேர் என்னைப் போலக் களத்தில் அடிபட்டவர்கள்தான். "முடிச்சுட்டு தேரடிக்கு வந்துடு, நான் உரக்கடைக்குப் போயிட்டு அங்க நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பெரிய டாக்டர் பார்த்துவிட்டுப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண். மெட்ராஸ்காரி, முப்பது வயசுகூட இருக்காது. ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கியிருந்ததால், வெள்ளைக்காரர்களோடு தியானம் பண்ண வந்தவர் என்று நிறையப் பேர் நினைத்திருந்தார்கள். உண்மையில் அவர் வந்தது ஆராய்ச்சிக்கு. கண் மேல் சாயம் விட்டுப் புண்ணைக் கண்டுபிடிப்பதைப் பற்றிப் பெரிய படிப்பு படித்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் அவருக்குச் சாயக்காரம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் மரியாதையாக "டாக்டரம்மா" என்று கூப்பிட்டேன்.

"நான் இன்னும் டாக்டர் ஆகலைம்மா. அந்தப் பட்டத்துக்குத்தான் இந்த ஆராய்ச்சியே."

"டாக்டர் ஆகாமலேயேவா எங்க கண்ணுல கை வெக்கிறீங்க?"

கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். கருவிழியில் சின்னதாகக் கீறல் இருந்தால் சும்மா பார்த்தால் தெரியாதாம். இந்த மஞ்சள் சாயத்தை விட்டால், கீறல் இருக்கிற இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளுமாம். நீல வெளிச்சத்தில் பார்த்தால் அது பச்சையாக மின்னுமாம். வலது கண்ணில் விட்டுவிட்டுக் கேட்டார்.

"நல்ல கண்ணுலயும் விடட்டுமா? அடிபட்ட கண்ணையும் அடிபடாத கண்ணையும் சேத்து வெச்சுப் பாத்தாத்தான் என் ஆராய்ச்சிக்கு உதவும். இதனால கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது."

"தாராளமா விடுங்க. அது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றேன். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

கொஞ்சம் இடைவெளி விட்டு விட்டு, இரண்டு கண்ணிலும் நாலைந்து தடவை விட்டார். ஒவ்வொரு தடவையும் மோவாயை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி நீல விளக்கைப் போட்டுப் பார்த்தார். "ஒரு கடுகு அளவுக்குப் புண்ணு இருக்கு. பயப்படாதே. களிம்பு போட்டா ஆறிடும். ஆனா நாளைக்குக் கண்டிப்பா வரணும். அந்தக் கடுகு சின்னதாச்சா பெருசாச்சான்னு பாக்கணும்" என்றார். பெரிய டாக்டர் களிம்பு கொடுத்தார். புறப்படும்போது அந்தம்மா கண்ணாடியைக் காட்டினார். ஐயோ, அந்தக் கோலத்தை என்னவென்று சொல்வது! இரண்டு கண்ணும் மஞ்சள், இமை மஞ்சள், கன்னத்தில் வழிந்த கோடும் மஞ்சள்.

"கண்ணுக்கும் மஞ்சள் குளிப்பாட்டிட்டீங்களா?" என்றேன்.

"கொஞ்ச நேரத்துல தானாப் போயிடும், ஒண்ணும் பண்ண வேணாம்" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். நானும் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

தேரடியில் என் வீட்டுக்காரர் உர மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"இன்னா மே, ரெண்டு கண்ணும் இப்படி மஞ்சளா இருக்குது?"

"அது சாயங்க. அந்தம்மா விட்ட சாயம். தானா போயிடுமாம்."

"அடிபட்டது ஒரு கண்ணு. ரெண்டு கண்ணுக்கும் எதுக்குச் சாயம் ஊத்துறாங்க?"

"ஏதோ ஆராய்ச்சியாம்."

"நேத்துலேர்ந்து நீ சோறு சரியாத் துன்னல. ராத்திரி வாந்தி வர மாதிரி இருக்குதுன்ன."

"கண்ணு வலியிலங்க அது. எனக்கு ஒண்ணுமில்ல."

அந்த "ஒண்ணுமில்ல" என் வாயில் வந்திருக்கக் கூடாது. அவர் தம்பி சொன்ன அதே வார்த்தை. "அவனும் இதையேதான் சொன்னான்" என்றார். அதற்கு மேல் நான் பேசியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. நடுத்தெருவில், ஜனங்கள் பார்க்கப் பார்க்க, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உர மூட்டையையும் சைக்கிளையும் தெரிந்த கடையில் போட்டுவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். எனக்குக் கண் எரிச்சலில் சண்டை போடத் தெம்பில்லை. போய்த்தான் பார்ப்போமே, அவர் மனசு ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வைத்தியர் ஏமாற்றுக்காரர் இல்லை. மருந்துக்கு யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார். வெளிச்சத்துக்கு என்னைத் திருப்பி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். களிம்போடு கலந்த மஞ்சள் அங்கே இன்னும் மிச்சம் இருந்தது. "ஆரம்பம்தான். நல்லவேளை, சீக்கிரம் கூட்டிகினு வந்துட்ட" என்றார். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் அப்படியே குந்தி உட்கார்ந்து, மூஞ்சியை மூடிக்கொண்டு தேம்பினார். தம்பிக்குக் கிடைக்காத வார்த்தை எனக்குக் கிடைத்துவிட்டது என்று அவருக்கு நிம்மதி.

எங்கள் பக்கத்தில் அப்போது காமாலைக்குப் பச்சிலைச் சாற்றைக் கண்ணிலேயே விடுவார்கள். அங்கே ஒரு தடவை விட்டார். உயிர் போய்த் திரும்பியது. பிறகு ஒரு கட்டு இலையைக் கொடுத்து, தினமும் காலையில் வெறும் வயிற்றில் பிழிந்து விடச் சொன்னார். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது. முக்கியமாக, இங்கிலீஷ் மருந்தைத் தொடவே கூடாது, தொட்டால் உள்ளே போய்க் கெடுத்துவிடும் என்றார். கண்ணில் நெல் பட்டதையும் சொன்னோம். அதுவும் இதிலேயே ஆறிடும் என்றார்.

மறுநாள் காலையில் என் கண்ணில் மஞ்சள் சுத்தமாக இல்லை. இருக்காதுதானே, சாயம் போய்விட்டது. ஆனால் வீட்டில் அதை எப்படிப் பார்ப்பார்கள்? மருந்து பலித்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா மே? ஒரே நாள்ல எறங்கிடுச்சு!" என்றார். அவர் சொன்ன தோரணையில், ஒருவேளை நிஜமாகவே காமாலை இருந்திருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சத்திரத்துக்குப் போகணும் என்றேன். பத்தியம் இருக்கிறபோது எப்படிப் போவது என்றார். களிம்பை எடுத்து எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார். இலையை அவரே அம்மியில் வைத்து அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு சொட்டாக விட்டார். நான் துடிக்கும்போதெல்லாம் அவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் விழுந்தது. அவ்வளவு பிரியமாக யாரும் யாருக்கும் மருந்து போட்டு நான் பார்த்ததில்லை.

இடது கண் தாங்கிக்கொண்டது. புண் இருந்த வலது கண் தாங்கவில்லை. வீங்கியது, சீழ் வந்தது, மண்டையைப் பிளக்கிற வலி. உள்ளே இருக்கிற காமாலை வெளியே வருகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

சில நாளாகியும் நான் வரவில்லையே என்று அந்தச் சாயக்காரம்மா தேடிக்கொண்டு வந்தார். ஊர் பேர் மட்டும்தான் தெரியும். கண்ணில் நெல் அடிபட்ட, நிறையப் பேசுகிற பெண் யார் வீட்டில் என்று வழியெல்லாம் விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். அதிலிருந்தே எல்லாரும் சரியாகக் கைகாட்டிவிட்டார்கள். மத்தியான வெயிலில் வியர்த்து விறுவிறுத்து வாசலில் வந்து நின்றவர், என் கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு, "உடனே வேலூர் போகணும். இப்பவே கிளம்புங்க" என்றார்.

"அதெல்லாம் முடியாதுங்க. காமாலைக்குப் பத்தியத்துல இருக்கா. இப்பப் போயி ஊசி கீசி போட்டா உயிருக்கே ஆபத்து" என்றார் என் வீட்டுக்காரர்.

"காமாலையா? யாருக்குக் காமாலை?"

"இவளுக்குத்தான். அன்னிக்கு உங்க கிட்டேர்ந்து வரும்போதே ரெண்டு கண்ணும் மஞ்சளா இருந்துச்சே."

அவர் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அம்மியில் ஒட்டிக்கிடந்த இலையைப் பார்த்தார். பையிலிருந்து அந்தச் சாயப் புட்டியை எடுத்தார். முகத்தை நிமிர்த்தித் தன்னுடைய இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டார். பாதி கன்னத்தில் வழிந்து ரவிக்கையில் சொட்டியது. அப்படியே என் வீட்டுக்காரர் எதிரில் போய் நின்றார்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. எனக்கும் காமாலையா?"

அந்த மஞ்சள் கண்களை என் வீட்டுக்காரர் உற்றுப் பார்த்தார். அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடிபட்ட மாடு கத்துகிற மாதிரி இருந்தது. அதோடு வாசலில் பாய்ந்து ஓடினார். ரோட்டில் மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு போன வேனின் குறுக்கே போய் விழுந்து நிறுத்தினார். மூட்டைக்கு நடுவே என்னைப் படுக்க வைத்து, மூன்று பேருமாக வேலூர் போய்ச் சேர்ந்தோம். அந்தம்மாவின் கண்ணில் இருந்த மஞ்சள் வேலூர் வருவதற்கு முன்னாலேயே வெளுத்துவிட்டது.

அங்கே டாக்டர்கள் தங்களால் முடிந்ததை எல்லாம் பண்ணினார்கள். கண்ணை எடுக்காமல் விட்டதே பெரிய விஷயம் என்றார்கள். பார்வை போனது போனதுதான். கருவிழி முழுக்கப் பூ விழுந்துவிட்டது.

அந்தம்மா ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் நான் கேட்டேன். "என் கண்ணு உங்க படிப்புக்காவது உதவுமா?"

"இல்லம்மா. மறுநாள் வந்து காட்டுனவங்க கண்ணைத்தான் கணக்குல சேக்கலாம். உன்னோடது சேராது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணும் போய், கணக்கிலும் சேராமல் போயிற்றா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்துகொண்டே சொன்னார்.

"வைத்தியத்துக்கு ஒரு கண்ணுல விட்டாப் போதும்மா. நல்ல கண்ணுல விட்டது உனக்காக இல்ல, எனக்காக. அதுல விடாம இருந்திருந்தா, ஒரு கண்ணு மட்டும்தான் மஞ்சளா இருந்திருக்கும். யாராவது அதைக் காமாலைன்னு நெனப்பாங்களா?"

அதுவரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. என்னைக் கேட்டுத்தானே விட்டீர்கள், உங்கள் மேல் என்ன தப்பு என்றேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கஞ்சி டம்ளரோடு பின்னால் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர், "நீங்க எதுக்கும்மா அழுவுறீங்க? நீங்க விட்டது தண்ணியோட போயிடுச்சு. என் கையால ஊத்துனதுதான் போவல" என்றார். அந்தப் பழியை இரண்டு பேரும் ஆளுக்கு ஆள் தன் பக்கம் இழுத்துக்கொண்டதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கட்டுப் போட்ட கண்ணோடு நான்தான் இருவருக்கும் சமாதானம் சொன்னேன்.

அடுத்த அறுவடைக்கு அந்தம்மா வரவில்லை. ஆராய்ச்சியை முடித்தாரா, பட்டம் வாங்கினாரா, எதுவும் தெரியாது. ஆசிரமத்துப் பக்கம் போகிறபோதெல்லாம் அவர் தங்கியிருந்த வீட்டை எட்டிப் பார்ப்பேன். வேறு யாராவது குடியிருப்பார்கள். என் வீட்டுக்காரர் ஒருநாள் அந்த வைத்தியரிடம் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். "மஞ்சள் எறங்குச்சா இல்லையாப்பா?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம். யாராவது ஒருத்தர் கெட்டவராக இருந்திருந்தால், நன்றாக நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

ஒற்றைக் கண்ணோடு எனக்கு எல்லாம் பழகிவிட்டது. சமைத்தேன், களை பறித்தேன், பிள்ளை பெற்றேன், வாயும் கொஞ்சமும் குறையவில்லை. பழகாமல் போனது அவருக்குத்தான். அதை நான் சரியாகப் புரிந்துகொண்டது எண்பதுகளின் நடுவில். எங்கள் மகளுக்கு அப்போது அஞ்சு வயசு. ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் அடுப்படிக்கு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மே, கொழந்த கண்ணப் பாரேன். எனக்கு மஞ்சளாத் தெரியுது. நெசமாவே மஞ்சளா, இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, இந்தத் தடவை நிஜமான காமாலை. எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நேத்துக் காலைலேயே பாத்தேன்" என்றார். "சொல்ல பயமா இருந்துச்சு. எங்க கூட்டிகினு போறதுன்னு தெரியல. நீயே சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் தும்மினால் சுக்கு தட்ட உட்காருகிற மனுஷன், பெற்ற பிள்ளையின் கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு பகல் ஒரு ராத்திரி முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். நான்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சாமி புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டாள். அங்கே இருந்த நாளெல்லாம் அவர் உள்ளே வரவில்லை, வெளியே மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். மருந்துப் புட்டியை நீட்டி, நான் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன், ஒரு வேளை நீங்கள் கொடுங்கள் என்றேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என் கையால வேணாம் மே."

அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் அவர் ஒரு சொட்டு மருந்து கொடுத்ததில்லை. என் கண் போனதை நான் எப்போதோ மறந்துவிட்டேன், ஆனால் என் மேல் உயிரையே வைத்திருந்த அந்த மனுஷர் தன் பிரியத்தைக் கண்டே பயந்துபோய் வாழ்நாளைக் கழித்தாரே, அதை நினைத்தால் மிச்சமிருக்கிற ஒரு கண்ணும் இன்றைக்கும் நிறைந்துவிடுகிறது.